அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

டூத்பேஸ்ட் மூடியை யார் திறந்து போட்டது என்கிற மகத்தான பிரச்னையில்தான் அன்றைய காலை ஆரம்பித்தது.

பையன்தான் போட்டது. அவனுக்குப் பத்து வயது. தினமும் அப்படித்தான் போடுவான், நானும் தினமும் மூடி வைத்துவிட்டுப் போவேன். அன்றைக்கு மட்டும் அவனுடைய எதிர்காலமே அந்த மூடியில்தான் இருக்கிறது என்பதுபோல ஐந்து நிமிடம் கத்தித் தீர்த்தேன். அடுத்தது காபி. ஆறிப்போயிருந்ததாக எனக்குத் தோன்றியது. அதற்கடுத்து ஆட்டோக்காரர். பத்து ரூபாய் கூடக் கேட்டார், எப்போதும் கேட்கிறவர்தான். ஆபீசுக்குப் போனால், ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனதற்காகப் பிழை திருத்துகிற பெரியவரிடம் நான் பேசிய பேச்சு இருக்கிறதே... அதை இங்கே எழுத முடியாது. எழுதினால் அவரேதான் திருத்த வேண்டியிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினேன். மனைவி கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நேத்து எத்தனை மணிக்கு வந்து படுத்தீங்க?"

முந்தைய இரவு, இதழ் முடிக்கிற இரவு. மூன்று மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுந்திருந்தேன். அதை நான் சொல்லவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றுதான் கேட்டேன். அதையும் கத்தித்தான் கேட்டேன்.

நான் பி.காம். விஞ்ஞானம் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் அந்தக் கேள்வி மனசுக்குள் முள்ளாக இருந்தது. உண்மையிலேயே என்ன சம்பந்தம்? தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இதே கேள்வியை வைத்துக்கொண்டு மனிதர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு ரேடியோக்காரர் வருகிறார். ஒரு பள்ளிக்கூடப் பையன் வருகிறான். இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம்தான். தூங்கவில்லை.

*

முதலில் கொஞ்சம் பின்னால் போகலாம்.

1894. ரஷ்யாவில் மரியா மனசெய்னா என்கிற பெண் விஞ்ஞானி ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார். கேட்கவே சங்கடமான பரிசோதனை. நாய்க்குட்டிகளைத் தூங்கவிடாமல் வைத்திருந்து பார்த்தார். சாப்பாடு உண்டு, தண்ணீர் உண்டு, தூக்கம் மட்டும் கிடையாது. சில நாட்களிலேயே அவை செத்துப்போயின. தூக்கம் என்பது சும்மா கிடக்கிற நேரம், சோம்பேறித்தனத்தின் சித்தப்பா பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்த உலகத்துக்கு அது முதல் அதிர்ச்சி.

நாய்க்குட்டி சரி, மனிதனுக்கு என்ன ஆகும்?

இரண்டே வருஷத்தில், 1896இல், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பாட்ரிக், கில்பர்ட் என்ற இருவர் அதையும் பார்த்துவிட்டார்கள். மூன்று இளைஞர்கள். 90 மணி நேரம். அதாவது கிட்டத்தட்ட நான்கு நாள் பொட்டுத் தூக்கம் இல்லை. அவ்வப்போது அவர்களை உட்காரவைத்து எடை பார்த்தார்கள், கைப்பிடியின் பலம் பார்த்தார்கள், ஞாபகசக்தியைச் சோதித்தார்கள். முதல் ஆசாமிக்கு இரண்டாவது இரவிலேயே வினோதமான காட்சி தெரிய ஆரம்பித்தது. தரை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஏதோ ஒரு படலம், அதில் பொடிப்பொடியாக எதுவோ நகர்ந்துகொண்டே இருக்கிறது என்றார். தரை சுத்தமாகத்தான் இருந்தது.

எடை, பலம், ஞாபகம். மூன்றுமே எண்ணில் எழுதிவைக்க முடிகிற சமாச்சாரங்கள். ஒருவன் சுள்ளென்று விழுவதை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? அந்தக் கணக்கு சரியாக எழுதப்பட இன்னும் பல வருஷங்கள் பாக்கி இருந்தன.

நடுவில் ஒரு யுத்தம் வந்தது. கொரிய யுத்தம், 1950 முதல் 1953 வரை. வட கொரியாவிலும் சீனாவிலும் சிறைப்பட்ட அமெரிக்க விமானப்படை வீரர்களில் சிலர், நாங்கள் கிருமி குண்டு போட்டோம் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் அதை மறுத்தார்கள். பிறகு ஏன் அப்படிச் சொன்னார்கள்? அமெரிக்காவே ஆடிப்போனது. மூளைச் சலவை என்ற வார்த்தை பத்திரிகைகளில் பிரபலமானது அப்போதுதான். திரும்பி வந்தவர்களை ஆராய்ந்த மனநல மருத்துவர்களில் ஒருவர் லூயிஸ் ஜோலியன் வெஸ்ட். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை என்பதுதான் அவர் தரப்புக் கண்டுபிடிப்பு. மிரட்டல், தனிமை, பசி. கூடவே, தூங்கவிடாமல் செய்தல்.

கத்தி வேண்டாம், துப்பாக்கி வேண்டாம். தூக்கத்தைப் பிடுங்கினாலே ஆளை உடைக்கலாம் என்றால், உடைகிறபோது உள்ளே என்னதான் நடக்கிறது? அதைப் பக்கத்தில் இருந்து பார்க்க ஒரு சந்தர்ப்பம் வேண்டுமே என்று மருத்துவர்கள் காத்திருந்தபோது, தானாக வந்து மாட்டினார் பீட்டர் ட்ரிப்.

*

பீட்டர் ட்ரிப் நியூயார்க்கின் பிரபல ரேடியோ குரல். பாட்டுப் போட்டு நடுநடுவே பேசுகிற வேலை. இன்றைக்கு எஃப்.எம்மில் ஆர்.ஜே. என்கிறோமே, அது. 1959 ஜனவரியில் அவர் ஓர் அறிவிப்பு செய்தார். குழந்தைகள் நலனுக்காக நிதி திரட்டும் மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்புக்காக, 200 மணி நேரம் தூங்காமல் இருக்கப் போகிறேன். அதுவும் ரகசியமாக அல்ல. நகரத்தின் மையமான டைம்ஸ் சதுக்கத்தில், ஒரு கண்ணாடி அறைக்குள். போகிற வருகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கலாம். தினசரி நிகழ்ச்சியும் அங்கிருந்தே ஒலிபரப்பாகும்.

எதிரே ஆஸ்டர் ஹோட்டலில் ஓர் அறை எடுத்து, அதைப் பரிசோதனைக்கூடமாக மாற்றினார்கள் மருத்துவர்கள். வெஸ்ட்டும் அந்தக் குழுவில் இருந்தார். குளிக்க, உடை மாற்ற, சோதனைகளுக்கு உட்கார என்று ட்ரிப் அங்கே போய்வருவார்.

ஆரம்பத்தில் உற்சாகம்தான். கூட்டம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. ட்ரிப் கையசைத்தார், ஜோக் அடித்தார். இரண்டு நாள் தாண்டியதும் தன் ஷூவுக்குள் ஒட்டடை இருக்கிறது என்றார். சிரிக்க வேண்டாத இடத்தில் சிரித்தார். காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தார். 100 மணி நேரம் ஆனபோது, சின்னச் சின்ன ஞாபகப் பரீட்சைகள்கூட அவருக்குச் சித்திரவதையாகிவிட்டன.

120 மணி நேரம். ஹோட்டல் அறையில் மேஜை இழுப்பறையைத் திறந்தவர், அலறிக்கொண்டு வெளியே ஓடினார். உள்ளே தீப்பிடித்து எரிகிறதாம். எரியவில்லை என்று காட்டினார்கள். நம்பவில்லை. என்னைச் சோதித்துப் பார்க்க டாக்டர்கள்தான் நெருப்பு வைத்திருக்கிறார்கள் என்றார். அதற்குப் பிறகு யாரையும் தன் முதுகுக்குப் பின்னால் நடக்கவிடவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தார். நான் யார், எந்த இடத்தில் இருக்கிறேன் என்பதே சில சமயம் குழம்பியது.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், நிதானமாகக் கேளுங்கள்.

இத்தனைக்கும் நடுவில், தினமும் சாயங்காலம் 5 மணி முதல் 8 மணி வரை அவருடைய நிகழ்ச்சி நடந்துகொண்டுதான் இருந்தது. மைக் முன்னால் உட்கார்ந்ததும் எங்கிருந்தோ ஒரு பலம் வந்துவிடும். பாட்டு சரியாகப் போகும். விளம்பரம் நேரத்துக்கு வரும். பேச்சு கலகலவென்று இருக்கும். ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த எவருக்கும், பேசுகிற ஆள் கொஞ்ச நேரம் முன்புதான் இல்லாத நெருப்பைப் பார்த்து ஓடினார் என்று தெரிந்திருக்காது.

கடைசி நாள் காலை. கறுப்பு கோட் போட்ட ஒரு டாக்டர் அவரைப் பரிசோதிக்க வந்தார். பரிசோதனை மேஜையில் படுத்திருந்த ட்ரிப், குனிந்து நின்ற அந்த முகத்தைப் பார்த்தார். இவர் டாக்டர் இல்லை, பிணத்தைப் புதைக்கிற ஆள், என்னை உயிரோடு புதைக்க வந்திருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டார். துள்ளி எழுந்து கதவைப் பார்த்து ஓட, மருத்துவர்கள் துரத்த வேண்டியதாயிற்று.

மொத்தம் 201 மணி நேரம். அதன்பிறகு தூங்கினார். 13 மணி நேரத் தூக்கம். எழுந்தபோது ஒட்டடையும் இல்லை, நெருப்பும் இல்லை. ஆனால் லேசான மனச்சோர்வு மட்டும் சுமார் மூன்று மாதம் அவரை விட்டுப் போகவில்லை என்று பதிவாகியிருக்கிறது.

பின்னாளில் ட்ரிப்பின் வாழ்க்கை சறுக்கியது. இசைத்தட்டுக் கம்பெனிகளிடம் காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்டார் என்ற வழக்கில் சிக்கி, வேலை போய், தண்டனையும் பெற்றார். எல்லாம் அந்த 201 மணி நேரத்தின் விளைவு என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்டவர்கள் பலர். அவர்கள் எல்லாரும் ராத்திரி நன்றாகத் தூங்கியவர்கள்தான்.

தவிர, ட்ரிப்பின் கணக்கில் ஒரு கலப்படமும் இருந்தது. கடைசிக் கட்டத்தில் அவரை விழித்திருக்க வைக்க ஊக்க மருந்து கொடுத்தார்கள். அவர் பார்த்த நெருப்பில் தூக்கமின்மையின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்ல முடியாது. மருந்து எதுவும் இல்லாமல் ஒருவர் விழித்திருந்தால்தான் உண்மை தெரியும்.

அந்த ஒருவருக்கு 17 வயது.

*

ராண்டி கார்ட்னர், கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் பள்ளிக்கூட மாணவன். பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி வருகிறது, ஏதாவது செய்ய வேண்டும். அவனும் நண்பன் புரூஸ் மெக்காலிஸ்டரும் யோசித்தார்கள். ஹொனலூலுவில் ஒரு ரேடியோக்காரர் 260 மணி நேரம் விழித்திருந்ததுதான் அப்போதைய சாதனை. அதை முறியடித்தால் என்ன?

யார் விழித்திருப்பது? நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள். ராண்டி தலையில் விழுந்தது.

கூடவே விழித்திருந்து குறிப்பு எடுப்பது புரூஸின் வேலை. மூன்று நாள் சமாளித்தான். அப்புறம் ஒரு ராத்திரி பார்த்தால், நோட்டுப் புத்தகத்துக்குப் பதிலாகச் சுவரில் சாய்ந்து சுவரிலேயே குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான். இது சரிப்படாது என்று ஜோ மார்சியானோ என்ற இன்னொரு நண்பனையும் சேர்த்துக்கொண்டார்கள்.

1963 டிசம்பர் கடைசியில் ஆரம்பித்தார்கள். செய்தித்தாளில் விஷயம் வந்தது. அதைப் படித்துவிட்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பி வந்தார் வில்லியம் டிமென்ட். தூக்க ஆராய்ச்சியில் பின்னாளில் பெரிய பெயர் எடுத்தவர். உள்ளூரில் இருந்த கடற்படை மருத்துவ ஆய்வுப் பிரிவிலிருந்து ஜான் ராஸ் என்ற டாக்டரும் வந்து சேர்ந்தார். பிள்ளை விளையாட்டாக ஆரம்பித்தது, மனிதனின் தூக்கமின்மை பற்றி மிக நுணுக்கமாகப் பதிவான சம்பவங்களில் ஒன்றாக மாறிவிட்டது.

ராண்டி ஊக்க மருந்து எடுக்கவில்லை. தூக்கம் வந்து அழுத்துகிறபோதெல்லாம் பையனை இழுத்துக்கொண்டு போய் பாஸ்கட்பால் ஆடவைத்தார்கள். ராத்திரி முழுக்க காரில் சுற்றினார்கள். பாத்ரூமுக்குள் போனால் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

1964 ஜனவரி 8. 264 மணி நேரம், கொசுறாக இன்னும் சில நிமிடங்கள். அதாவது 11 நாள். சாதனை முறிந்தது. பத்திரிகையாளர்களைக் கூட்டி வைத்துப் பேசினான். கேள்விகளுக்குப் பளிச்சென்று பதில் சொன்னான். பிறகு கடற்படை மருத்துவமனையில் போய்ப் படுத்து 14 மணி நேரத்துக்கும் மேல் தூங்கினான். எழுந்து உட்கார்ந்தான். நன்றாக இருந்தான்.

டிமென்ட்டுக்கு ஆச்சரியம். பத்தாவது நாளில் பின்பால் விளையாட்டில் அவரையே பையன் தோற்கடித்திருந்தான். ட்ரிப்புக்கு வந்தது போன்ற சித்தப்பிரமை இவனுக்கு வரவில்லை என்று அவரும் சகாக்களும் எழுதினார்கள். உலகத்துக்கும் அதுதான் போய்ச் சேர்ந்தது. பதினோரு நாள் தூங்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது! பல வருஷங்களுக்கு இதுவே பேச்சாக இருந்தது.

ஆனால், அதே பையனைப் பார்த்த இன்னொருவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். டாக்டர் ராஸ். அதை நாள் வரிசைப்படி படித்தால் வேறு ஒரு பையன் தெரிகிறான்.

இரண்டாம் நாள், கண்ணால் ஒன்றைக் குறிவைத்துப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது. மூன்றாம் நாள், மனநிலை மாறி மாறி அடிக்கிறது. நான்காம் நாள், எரிச்சல், சொன்னதைக் கேட்க மறுக்கிறான், ஞாபகம் நழுவுகிறது, தெருவில் நிற்கிற பெயர்ப் பலகை ஓர் ஆளாகத் தெரிகிறது, தான் ஒரு பிரபலக் கால்பந்தாட்ட வீரன் என்று கொஞ்ச நேரம் நம்புகிறான். ஒன்பதாம் நாள், ஆரம்பித்த வாக்கியத்தை முடிப்பதில்லை. பதினோராம் நாள், முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை, பேச்சு குழறுகிறது. 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வா என்கிறார்கள். 93, 86, 79, 72, 65... நின்றுவிட்டான். ஏன் நிறுத்தினாய்? என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஞாபகம் இல்லை என்றான்.

ஒரே பையன். ஒரே பதினோரு நாள். இரண்டு டாக்டர்கள். ஒருவர் பின்பாலில் ஜெயித்தவனைப் பார்த்தார். இன்னொருவர் 65இல் நின்றவனைப் பார்த்தார். இரண்டுமே பொய்யில்லை. ட்ரிப்பின் 5 மணி நிகழ்ச்சியும் இழுப்பறை நெருப்பும் ஒரே ஆளிடம் இருந்தது போலத்தான் இதுவும். அவசியம் வந்தால், நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால், மனிதன் எப்படியோ கூட்டிச் சேர்த்துச் சமாளித்துவிடுகிறான். மைக் அணைந்ததும், கூட்டம் கலைந்ததும்தான் மிச்சம் இருப்பது தெரிகிறது.

ராஸின் பட்டியலில் இன்னொன்றையும் கவனியுங்கள். வரிசையை. கணக்கு தடுமாறி நின்றது பதினோராம் நாளில் பதிவாகிறது. முகம் கோணியது மூன்றாம் நாளிலேயே பதிவாகிவிட்டது.

*

நாம் யாரும் பதினோரு நாள் விழித்திருக்கப் போவதில்லை. நம் பிரச்னை வேறு. தினமும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக்கொள்கிறோம். ஒரு சீரியல். ஒரு கிரிக்கெட் மேட்ச். கையில் செல்போன். பெங்களூரிலிருந்து வருகிற ராத்திரி பஸ். இதற்கெல்லாம் கணக்கு உண்டா?

உண்டு. டிமென்ட் இதற்குத் தூக்கக் கடன் என்று ஒரு பெயரைப் பிரபலப்படுத்தினார். காமர்ஸ் படித்தவனுக்கு உடனே புரிகிற பெயர். நேற்று இரவு குறைந்தது இன்று காலைக் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. நாளைக்கும் குறைந்தால் அதோடு சேர்கிறது.

1997இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் டிங்கஸ் குழுவினர், 16 பேரை ஒரு வாரம் தினமும் சராசரியாக ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பார்த்தார்கள். யாரும் நெருப்பைப் பார்க்கவில்லை. ஆனால் அலுப்பு, குழப்பம், இறுக்கம் எல்லாம் நாளுக்கு நாள் ஏறின. மீண்டு வர இரண்டு முழு இரவுத் தூக்கம் தேவைப்பட்டது.

2003இல் அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு பரிசோதனை. 48 பேர், 14 நாள். சிலருக்கு தினமும் எட்டு மணி, சிலருக்கு ஆறு, சிலருக்கு நான்கு மணி நேரம்தான் படுக்கை. ஆறு மணிக்காரர்களும் நான்கு மணிக்காரர்களும் நாளாக ஆகக் கவனச் சோதனைகளில் சரிந்துகொண்டே போனார்கள். அதில் அதிர்ச்சி இல்லை. அவர்களிடமே, உங்களுக்கு எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்று கேட்டபோதுதான் அதிர்ச்சி. முதல் சில நாட்கள் அதிகம் என்றார்கள். அப்புறம் அப்படியொன்றும் கூடவில்லை, பழகிவிட்டது என்கிற தினுசில் பதில் வந்தது. உள்ளே கடன் ஏறிக்கொண்டிருக்கிறது. பேரேடு எழுத வேண்டிய குமாஸ்தா அதை எழுதுவதை நிறுத்திவிட்டான்!

"நமக்கெல்லாம் அஞ்சு மணி நேரம் போதும் சார், பழகிப்போச்சு" என்று சொல்கிறவர்களை நமக்குத் தெரியும். நானும் சொல்லியிருக்கிறேன். பழகிப்போனது தூக்கக் குறைவு அல்ல. அதைக் கவனிக்காமல் இருப்பதுதான் பழகிப்போகிறது.

டூத்பேஸ்ட் மூடிக்கு நேரடிப் பதில் 2007இல் வந்தது. மாத்யூ வாக்கரும் சகாக்களும் 26 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதி பேர் ராத்திரி நன்றாகத் தூங்கினார்கள். இன்னொரு பாதி பேர் சுமார் 35 மணி நேரம் தூங்கவில்லை. இரு சாராரையும் ஸ்கேன் எந்திரத்தில் படுக்கவைத்துப் படங்களைக் காட்டினார்கள். முதலில் சாதாரணப் படங்கள், போகப்போக மனசைச் சங்கடப்படுத்துகிற படங்கள்.

மூளையின் அடியாழத்தில் பாதாம் பருப்பு அளவுக்கு அமிக்டலா என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளுக்கு மணி அடிக்கிற இடம். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதி, இரு, பொறு, பெரிய விஷயம் இல்லை என்று அதைத் தட்டிக்கொடுத்து உட்காரவைக்கும். வீட்டில் பெரியவர்கள் மாதிரி. தூங்காதவர்களுக்கு என்ன ஆனது என்றால், அந்தப் பெரியவருக்கும் மணி அடிக்கிறவனுக்கும் இடையிலான தொடர்பு பலவீனமாகிவிட்டது. மணி, தூங்கியவர்களோடு ஒப்பிட்டால் 60 சதவீதம் அதிகமாக அடித்தது.

பையன் தினமும் திறந்து போடுகிற அதே மூடி. தினமும் பெரியவர் சமாதானம் சொல்வார். அன்றைக்கு அவர் வரவில்லை. அவ்வளவுதான் சம்பந்தம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தூக்கம் கெட்டால் மனசு கெடுகிறது. மனசு கெட்டால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. காலையில் போட்ட சண்டையை நினைத்து நினைத்துப் புரண்டு படுத்தால், அடுத்த நாள் சண்டைக்கு இப்போதே விதை போட்டாயிற்று. இரண்டும் ஒன்றை ஒன்று துரத்துகிற சமாச்சாரம். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் ஒரு நல்ல தூக்கம் போதும். வாரக்கணக்கில் தூக்கமும் இல்லை, மனசிலும் வெளிச்சம் இல்லை என்றால், அது காபியால் தீர்கிற விஷயம் இல்லை. வெட்கப்படாமல் டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம்.

*

ராண்டி கார்ட்னர் என்ன ஆனார்?

அவருடைய சாதனையைப் பின்னால் வேறு சிலர் முறியடித்தார்கள். இது ஆபத்து, இனிமேல் இதைப் பதிவு செய்யப்போவதில்லை என்று கின்னஸ் நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. ராண்டி சாதாரணமாக வாழ்ந்தார். அறுபது வயது வாக்கில் திடீரென்று தூக்கம் அவரை விட்டுப் போய்விட்டது. மணிக்கணக்கில் படுத்துக் கிடப்பார், கால் மணி நேரம் கண் அசரும், மறுபடி விழிப்பு. 2017இல் அமெரிக்க வானொலி ஒன்றுக்கு அளித்த பேட்டியில் இதைச் சொன்னார். அது அந்தப் பதினோரு நாளின் பழைய பாக்கியா? அவருக்கே அப்படி ஒரு சந்தேகம் உண்டு. விஞ்ஞானம் அதை உறுதி செய்யவில்லை. வயதானால் தூக்கம் கெடுவது எத்தனையோ பேருக்கு நடக்கிறது.

ஆனால் அந்தப் பேட்டியில் அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்த நாட்களில் என் பக்கத்திலேயே யாராலும் இருக்க முடியாது, எதைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வந்தது, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செய்ததன் தொடர்ச்சி மாதிரி இருந்தது என்கிற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார். 17 வயதில் நான்காம் நாள் வந்த அந்த எரிச்சலை, அறுபது வயதில் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. 14 நாள் பரிசோதனையில் படுத்தவர்களுக்கே தங்கள் கணக்கு பிடிபடவில்லை என்றால், இதழ் முடித்துவிட்டு வருகிறவனுக்கு மட்டும் எப்படிப் பிடிபடும்? பி.காமில் படித்ததில் எல்லாம் மறந்துவிட்டது. ஒரு பாடம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. தன் கணக்கைத் தானே தணிக்கை செய்யக் கூடாது. வெளியிலிருந்து ஓர் ஆள் வேண்டும். ராண்டிக்கு ராஸ் இருந்தார்.

இதை எல்லாம் படித்து முடித்த அன்றைக்கு, அந்தப் பிழை திருத்துகிற பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எப்போதோ நடந்தது. அவர் சிரித்தார். "அன்னிக்கு உங்க கண்ணு சிவந்திருந்ததைப் பார்த்தேன் தம்பி. அதான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

இப்போதும் இதழ் முடிக்கிற இரவுகள் இருக்கத்தான் இருக்கின்றன. தூக்கம் குறையத்தான் குறைகிறது. ஒரே ஒரு மாற்றம். மறுநாள் காலையில் எதையாவது பார்த்து எனக்குச் சுர்ரென்று ஏறுகிறபோது, சமையலறையிலிருந்து அந்தக் கேள்வி வரும்.

"நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?"

இப்போதெல்லாம் மணியைச் சொல்லிவிடுகிறேன்.